பன்னிரண்டாவது பிடி

கதவு மேல் மூலையில் உரசியது. முந்தின நாள் சாயங்காலம் ஒரு விரலால் தள்ளிச் சாத்திவிட்டுப் போன அதே கதவுதான், இப்போது தோளைக் கொடுத்து முட்டினால்தான் திறப்பேன் என்று அடம்பிடித்தது. திறந்த பிறகு கலர் சார் அண்ணாந்து பார்த்தார். சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவே இடது பக்கம் ஒரு காசு நுழையும் அளவுக்கு இடைவெளி, வலது பக்கம் தாள்கூட நுழையாது. மூன்று மில்லிமீட்டர் கோணல் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. மரம் வெயிலுக்கு முறுக்கிக்கொள்ளும், அதில் என்ன அதிசயம் என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார். அந்தக் கதவு இரும்பு என்பது நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

கலர் சார் என்பது பட்டறை வைத்த பெயர். விமான இன்ஜினுக்குப் பாகம் செய்யும் தொழிற்சாலை அது. ஒரு பாகத்துக்கு வெல்டிங் வைத்தால் அது எங்கே, எவ்வளவு கோணிக்கொள்ளும் என்று முன்கூட்டியே கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்வது அவர் வேலை. பாகத்தைத் திரையில் வரைந்து, லட்சம் குட்டிக் கட்டங்களாக வெட்டி, தீ எந்த வழியாக நகருமோ அந்த வழியாகச் சூட்டை நகர்த்தி, ஒவ்வொரு கட்டமும் என்ன பாடுபடுகிறது என்று கணக்குப் போடுவார். முடிவு வண்ணப் படமாக வரும். நீலம் என்றால் பயமில்லை, மஞ்சள் என்றால் யோசி, சிவப்பு என்றால் தொடாதே. "நாங்க இங்க தீயில வேகுறோம், அவரு மேல ஏ.சி.ல உக்காந்து கலர் அடிக்கிறாரு" என்று கீழே சிரிப்பார்கள். அவர் காதிலும் விழும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வந்தது செய்த வேலையை அழிக்க. மறுநாள் காலை விசாரணைக் குழு வந்து கம்ப்யூட்டர்களைத் தூக்கிக்கொண்டு போகிறது. அதற்குள் ஒரே ஒரு பழைய கோப்பு இல்லாமல் போக வேண்டும். அது அகப்பட்டால் அவர் வேலை போகும், சிறைக்கும் போக வேண்டி வரும். அது ஒழிந்தால் பழி வெல்டர் தீக்கோழியின் தலையிலேயே நிரந்தரமாகத் தங்கிவிடும். செத்தவனுக்கு அதனால் என்ன நஷ்டம்? மூன்று மாதமாக அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் சமாதானம் அது.

செல்போன் அடித்தது, மனைவி.

"ஏங்க, நாலு மணிக்கு நானே வந்து கூட்டிக்கிறேன். அக்கா வீட்டுக்குப் போகணும், ஞாபகம் இருக்கா? அந்த மூஞ்சிய கொஞ்சம் சிரிச்சாப்ல வச்சுக்குங்க, கடன்காரன் வீட்டுக்கு வந்த மாதிரி உக்காந்திருக்காதீங்க."

"சரிம்மா. அரை மணி நேர வேலைதான்."

"ஞாயித்துக்கிழமைகூட அப்படி என்னங்க வேலை?"

"ஒண்ணுமில்ல. ஒரு ஃபைலு."

அவரை முழுசாக நம்பியவள் அவள் ஒருத்திதான். 'எங்க வீட்டுக்காரர் ஒரு எழுத்துத் தப்பா எழுத மாட்டார்' என்று விசாரணை நடந்த நாட்களில் அக்கம்பக்கத்தில் சண்டைக்கே போயிருக்கிறாள்.

தீக்கோழி என்பதும் பட்டறைப் பெயர்தான். நெட்டையான ஆள், நீளக் கழுத்து. முகமூடியை இறக்கிக்கொண்டு வேலையின்மேல் குனிந்தால் மண்ணில் தலையைப் புதைத்த தீக்கோழியேதான். ஆனால் கை சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். அவன் வைத்த வெல்டிங்கைக் கண்ணை மூடிக்கொண்டு தடவினால் எங்கே ஆரம்பித்தான், எங்கே முடித்தான் என்று கண்டுபிடிக்க முடியாது.

விபத்து நடந்த அன்றைக்கு அவன் கையில் இருந்தது இன்ஜினின் சூடான பகுதியைச் சுற்றி உட்காரும் ஒரு வளையம். இரண்டு கையையும் விரித்தால் கொள்ளும் அகலம், தகடு மட்டும் சன்னம். பன்னிரண்டு கிளாம்ப், அதாவது இரும்புப் பிடிகள், போட்டு இறுக்கித்தான் அதற்கு வெல்டிங் வைப்பார்கள். சூடுபட்ட உலோகம் ஆறும்போது சுருங்கப் பார்க்கும், பிடி விடாது, சுருங்க முடியாத ஆத்திரமெல்லாம் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். ஆகவே பிடியோடு சேர்த்து உலையில் வைத்து, மெல்ல ஆறவிட்டு, உள்ளே இருக்கும் இறுக்கம் தணிந்த பிறகு கழற்றுவதுதான் வழக்கம். அன்று உலை பழுது. வளையம் மறுநாள் போயாக வேண்டும். உலை இல்லாமலே கழற்றலாமா என்று மேலிடம் கேட்டது. கலர் சார் திரையைப் பார்த்தார், எங்கும் நீலம். புள்ளி இரண்டு மில்லிமீட்டர்தான் அசையும், கழற்றலாம் என்று கையெழுத்துப் போட்டார்.

தீக்கோழி மாடி ஏறி வந்தான். "சார், அது சும்மா இல்ல சார். தட்டிப் பாத்தா சத்தமே வேற மாதிரி வருது. விட்டா துள்ளும்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் கலர் சார், நான்கு பேர் முன்னால். அந்த நான்கு பேரும் சிரித்தார்கள். தீக்கோழியும் சிரித்து வைத்தான், வேறு என்ன செய்வான்.

கிளாம்ப்பில் கை வைக்குமுன் பட்டறையிலிருந்து மேலே போன் செய்து ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அங்கே ஒரு நடைமுறை. கணக்குப் போட்டவர் 'விடு' என்று சொன்னால்தான் விடலாம். போன் வந்தது. "சார், விடலாமா?" "விடுப்பா. கணக்குல ஒண்ணுமில்ல."

பதினொன்று கழன்றது, ஒன்றும் ஆகவில்லை. ஆகாது, ஒன்றைக் கழற்றினால் அதன் பாரம் மிச்சம் இருப்பதில் ஏறும், அவ்வளவுதான். பன்னிரண்டாவதைத் தளர்த்தியபோது வளையம் துள்ளியது. கிளாம்ப்பின் இரும்புக் கை பிய்த்துக்கொண்டு வந்து அவன் தாடைக்கு அடியில் அடித்தது.

ஆம்புலன்ஸ் வாசலைத் தாண்டுவதற்குள் கலர் சார் மேலே வந்து கோப்பைத் திறந்தார். அப்போதுதான் கண்ணில் பட்டது. கம்ப்யூட்டரில் சூடு வைத்திருந்தார், ஆறவும் வைத்திருந்தார், ஆனால் கிளாம்ப்பைக் கழற்றும் கடைசிப் படியைச் சேர்க்க மறந்திருந்தார். இறுக்கிப் பிடித்திருக்கும்போது எது அசையும்? கட்டிப்போட்டவன் ஓடவில்லை, ஆகவே இவனுக்கு ஓடத் தெரியாது என்று எழுதிக் கொடுத்த கதைதான். படியைச் சேர்த்து ஓட்டிப் பார்த்தார். பதினாலு மில்லிமீட்டர். திரை முழுக்கச் சிவப்பு.

யானைக்கும் அடி சறுக்கும். சறுக்கிய யானை அதோடு நின்றிருந்தால் அதை மன்னித்திருக்கலாம். இந்த யானை கையெழுத்துப் போட்ட தாளைக் கிழித்துவிட்டு, பழைய தேதி போட்டு ஒரு புது அறிக்கை எழுதியது: உலையில் வைக்காமல் கழற்றக் கூடாது. விசாரணையில் கேட்டபோது, "போன்ல தெளிவா 'விடாதே'ன்னு சொன்னேன், அவன் கேக்கல" என்று நாக்கு கூசாமல் சொன்னது. எதிரே தீக்கோழியின் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவள் அழவில்லை, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அந்தக் கோப்பைத் தேடித்தான் கலர் சார் திரையைத் தட்டினார். கம்ப்யூட்டர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. மேசைக்குக் கீழே விசிறிகள் இரைந்தன, பெரிய கணக்கு ஒன்றை மென்றுகொண்டிருக்கும்போது வரும் அந்த மூச்சிரைப்பு. அறையில் ஜன்னல் கிடையாது, ஏ.சி. வேலை செய்கிறது என்று பச்சை விளக்குச் சொல்கிறது, ஆனாலும் காற்று கனமாக இருந்தது, அதில் சூடான உலோகமும் எரிந்த தூசியும் கலந்த ஒரு வாடை, பட்டறையில் வெல்டிங் வைக்கும் மூலையில் மட்டும் அடிக்கும் வாடை, நூறு அடி தள்ளி, ஒரு மாடி கீழே, பூட்டிக் கிடக்கும் மூலையிலிருந்து இங்கே வர வழியே இல்லாத வாடை, சட்டைக் காலருக்குள் இறங்கியது. ஓடிக்கொண்டிருந்த கணக்கின் பெயரைப் பார்த்தார். அவர் அழிக்க வந்த கோப்பின் பெயர்.

யாரோ திறந்துவிட்டார்களா? ஆரம்பித்தவர் பெயர் என்ற இடத்தில் அவர் பெயரே இருந்தது. நிறுத்து என்ற பொத்தானை அழுத்தினார். நிற்கவில்லை. மறுபடி அழுத்தினார். மின்சார வயரைப் பிடுங்கிவிடலாம் என்று குனிந்தவர், படம் மெல்ல மெல்லத் திரையில் ஏறுவதைக் கண்டு மறுபடி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அது வளையம் இல்லை. ஒரு பெட்டி மாதிரி இருந்தது. திருப்பிப் பார்த்தார். பெட்டிக்கு ஒரு பக்கம் கதவு, மேல் மூலையில் லேசாகக் கோணிய கதவு. உள்ளே ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் ஒரு நாற்காலி. நாற்காலியில் ஓர் உருவம், மற்றதைவிடப் பத்து மடங்கு பொடியான கட்டங்களால் ஆனது, எங்கே கவனமாகப் பார்க்க வேண்டுமோ அங்கேதான் கட்டங்களைப் பொடியாக வெட்டுவது வழக்கம். எல்லாம் நீலம். பிடரியில் மட்டும் கடுகளவு வெள்ளைப் புள்ளி ஒன்று நகர ஆரம்பித்தது.

பிடரியில் சுட்டது.

கையை வைத்துப் பார்த்தார். தோல் சில்லென்று இருந்தது. உள்ளேதான் சுட்டது. ஊசிமுனை அளவு சூடு, அவசரமே இல்லாமல், நிமிஷத்துக்கு ஓர் அங்குலம், காதுக்குப் பின்னால் ஏறி, தோளில் இறங்கி, கை வழியாக. திரையில் புள்ளி எங்கேயோ அங்கே. அது கடந்து போன வழி ஆறியது. ஆறிய இடம் சுருங்கப் பார்த்தது. எழுந்து ஓடு என்று கால்களுக்குச் சொன்னார்.

கால்கள் வரவில்லை.

யாரோ பிடித்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. அறையில் யாரும் இல்லை. கணுக்கால் இரண்டிலும் கட்டைவிரல் அகலத்துக்கு ஓர் அழுத்தம். முழங்கால் இரண்டிலும். இடுப்பில் இரண்டு பக்கம். விலாவில் இரண்டு பக்கம். தோள் இரண்டிலும். முதுகுத் தண்டில் ஒன்று. இடது உள்ளங்கை மேசையோடு ஒட்டியிருந்தது, அங்கே ஒன்று. எண்ண வேண்டாம் என்று நினைத்தார். எண்ணினார்.

பன்னிரண்டு.

மேசைமேல் இருந்த ஆபீஸ் போன் அடித்தது. அவர் தொடவில்லை. அதுவே ஸ்பீக்கரில் திறந்துகொண்டது. கீழே பட்டறையில் இருந்து வரும்போது கேட்கும் அதே இரைச்சல், பிறகு அந்தப் பணிவான, கொஞ்சம் கரகரத்த குரல்.

"சார். விடலாமா?"

"விடாதே!" என்று கத்தினார். "விடாதேப்பா! விடாதே!"

"விடாதேன்னா சொல்றீங்க?" குரல் யோசித்தது. "அன்னிக்கும் அதைத்தானே சார் சொன்னீங்க. எழுத்துல இருக்கே."

டக்.

வலது கணுக்காலில் இருந்த அழுத்தம் போனது. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இடது கணுக்காலில் இருந்தது இருமடங்காக இறுகியது. கலர் சாருக்கு அது புரிந்தது. அவரைவிட நன்றாக அதைப் புரிந்துகொள்ளக்கூடியவர் அந்தத் தொழிற்சாலையிலேயே இல்லை. டக். டக்.

வலது கை மட்டும் இன்னும் அவர் சொன்னதைக் கேட்டது. விசைப்பலகையை இழுத்து, ஒற்றைக் கையால் விசாரணைக் குழுவுக்கு மெயில் அடித்தார். தப்பு என்னுடையது. கழற்றும் படியை நான் சேர்க்கவில்லை. விடு என்று சொன்னது நான். அறிக்கையின் தேதி பொய். அவன் சொன்னதுதான் சரி, துள்ளும் என்றான். எழுத்துப் பிழையோடு, முற்றுப்புள்ளி இல்லாமல், மூன்று மாதமாகத் தொண்டையில் முள்ளாக நின்றதையெல்லாம் கொட்டினார். பழைய கோப்பையும் சேர்த்து அனுப்பினார். போனது. அழுகை வந்தது. இனி வேலை போகட்டும், சிறைக்குப் போகலாம், எதுவாக இருந்தாலும் பரவாயில்லை.

"பாத்தேன் சார்" என்றது குரல். "நல்லா எழுதியிருக்கீங்க. என் வீட்டுக்காரி படிச்சா சந்தோஷப்படுவா."

டக்.

"அதான் எல்லாத்தையும் சொல்லிட்டேனேடா! இன்னும் என்ன வேணும் உனக்கு?"

"எனக்கு ஒண்ணும் வேணாம் சார். இறுக்கம் உள்ள இருக்கே. சொல்லிட்டா போயிடுமா? உலையில வைக்கணும்னு நீங்கதானே எழுதினீங்க." சின்னதாக ஓர் இருமல். "உலை பழுது சார்."

போன் வைக்கப்பட்டது.

டக். டக். சூட்டுப்புள்ளி தாடையைச் சுற்றி வந்தது. வாயின் இடது ஓரத்தில் நுழைந்து வலது ஓரத்தில் வெளியே வந்தது. ஆறியது. உதடுகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு கோணின. டக். பிறகு வலது கை. விரல் விரலாக. விசைப்பலகைமேல் அப்படியே நின்றுபோனது. டக். டக். டக். விலா எலும்புகளுக்குள் ஏதோ நாண் ஏற்றிய வில் மாதிரி விண்ணென்று நின்றது. டக்.

பதினொன்று.

இடது உள்ளங்கை மட்டும் மிச்சம். மொத்தமும் அதில். திரையில் அந்த ஓர் இடம் வெள்ளையாகக் கொதித்தது. மூச்சைப் பாதி பாதியாக விட்டார். அசையாமல் இருந்தால் போதும். காலம் முழுக்க இப்படியே உட்கார்ந்திருக்கலாம். யாரும் தொடாமல் இருந்தால் போதும்.

திரையில் கதவுக்கு வெளியே இன்னோர் உருவம் முளைத்தது.

கதவு உரசியது. தோளால் முட்டினாள். "என்னங்க கதவு இது... மணி நாலாச்சு, போன் அடிச்சா எடுக்க மாட்டீங்களா? வண்டிய வெயில்ல விட்டுட்டு வந்திருக்கேன்." உள்ளே வந்தாள். பார்த்தாள். கைப்பை விழுந்தது. "ஏங்க? ஏங்க! வாய் ஏன் இப்படி... ஐயோ, என்னங்க ஆச்சு?"

போ. போ. போ. கண்ணால் சொன்னார். கண்ணுக்கு எப்படிச் சொல்லத் தெரியும்? அவள் அதை வலி என்று நினைத்தாள். ஓடிவந்து பக்கத்தில் நின்றாள். திரையில் அவள் நின்ற இடம் சிவந்தது. அவள் திரையைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாள்.

செல்போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட எண்ணை அழுத்திக்கொண்டிருந்தாள். அதற்குள் மேசைமேல் இருந்த போன் அடித்தது. எடுத்துவிட்டாள்.

"ஹலோ, யாருங்க? கொஞ்சம் மேல வாங்களேன், எங்க வீட்டுக்காரருக்கு... ஆமாங்க. ஆமா, வாய் கோணியிருக்கு. பேச மாட்டேங்கிறார்... கையா? ஆமா, இடது கைதான். மேசைய விடாம பிடிச்சிருக்கார்... ஓ. அதனாலதானா?" அவள் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. யாரோ விவரம் தெரிந்தவர் அகப்பட்டுவிட்டார் என்ற தெளிவு. "அப்படின்னா எடுத்துவிடலாமா சார்?"

கேட்டுக்கொண்டாள். தலையாட்டினாள். வைத்தாள்.

"உங்க பட்டறை ஆளுதான். தங்கமா பேசறார். கையை எடுத்துவிட்டா எல்லாம் சரியாயிடுமாம்." அவர் நெற்றி வேர்வையை முந்தானையால் துடைத்தாள். "கணக்குல ஒண்ணுமில்லைன்னு சொல்றார். பயப்படாதீங்க."

சுண்டு விரலை எடுத்தாள். இதமாக. மோதிர விரல். நடு விரல். அவர் தொண்டைக்குள் ஒரு சத்தம் எழும்பி, ஒட்டிய உதட்டில் முட்டி, மூக்கு வழியாகக் கிரீச்சென்று வந்தது. "வலிக்குதா? இதோ, இதோ." ஆள்காட்டி விரல். அவள் சிரிக்கக்கூடச் செய்தாள், ஊசிக்குப் பயப்படும் பிள்ளையிடம் சிரிப்பதுபோல. கட்டைவிரலுக்கு அடியில் நகத்தைக் கொடுத்தாள்.

சத்தம் ஒன்றே ஒன்று.

அதன் பிறகு அவருக்கு இரண்டு இடங்கள் ஒரே சமயத்தில் தெரிந்தன. இடது கண்ணுக்குக் கூரையின் விளக்கு. வலது கண்ணுக்கு அறையின் அடுத்த கோடி. வலியே இல்லை, அதுதான் ஆச்சரியம். அவள் செருப்பு இரண்டும் மேசைக்குப் பக்கத்தில், அவள் நின்ற இடத்திலேயே, ஜோடியாக இருந்தன. அவள் அந்தக் கோடியில் இருந்தாள், இரும்புக் கதவோடு, தரைக்கு ஓர் அடி உயரத்தில். கால்கள் ஆடிக்கொண்டிருந்தன. அவள் கழுத்தைச் சுவரளவுக்கு நீண்ட ஏதோ ஒன்று கதவோடு அழுத்திப் பிடித்திருந்தது. அது நாற்காலியில் தொடங்கி, மேசையைச் சுற்றி, இரண்டு இடத்தில் தப்பான பக்கமாக மடங்கி, அறை முழுக்க நீண்டு போயிருந்தது. அதன் முனையில், அவள் தாடைக்குக் கீழே, அவருடைய கைக்கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.